டிக் புது ஐ.பி. சொல்கிறது, பிரவுசர் பழைய தளத்தையே திறக்கிறது: எந்த வரிசையில் சோதிப்பது?

கூடல்நகர்_அட்மின் கேட்டது:

டொமைன் பெயரை எக்சாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்வோம். வெப் ஹோஸ்டிங், டி.என்.எஸ். (பெயருக்கு ஐ.பி. முகவரி சொல்லும் சேவை) இரண்டையும் சேர்த்து வேறு நிறுவனத்துக்கு மாற்றியாயிற்று. ரிஜிஸ்ட்ரார் பேனலில் நேம் சர்வர்களை மாற்றி 30 மணி நேரம் ஆகிறது.

பழைய நேம் சர்வர்கள் என்எஸ்1, என்எஸ்2.பழசு.எக்சாம்பிள். புதியவை என்எஸ்1, என்எஸ்2.புதுசு.எக்சாம்பிள். பழைய வெப் சர்வர் 198.51.100.10, புதியது 203.0.113.25. பழைய ஸோனில் (டொமைனின் ரெக்கார்டுகள் அடங்கிய தொகுப்பு) ஏ ரெக்கார்டின் (பெயருக்கு ஐ.பி. சொல்வது) டி.டி.எல். (கேச்சில் வைத்திருக்கும் காலம், விநாடியில்) 86400. மெயில் சர்வரை மாற்றவில்லை, அது தனி இடத்தில் முன்பு போலவே ஓடுகிறது.

இப்போது நடப்பது இது. உபுண்டு மெஷினில், டி.என்.எஸ். சர்வர்களைக் கேட்கும் டிக் கட்டளையை

    டிக் எக்சாம்பிள்.காம் +ஷார்ட்

என்று அடித்தால் 203.0.113.25 வருகிறது. அதே மெஷினில் குரோம் பழைய தளத்தைத் திறக்கிறது. கூகுளின் பொது ரிசால்வரை (நமக்காகப் பிற சர்வர்களைக் கேட்டுப் பதிலைக் கேச்சில் வைக்கும் சர்வர்) @8.8.8.8 போட்டுக் கேட்டால் ஒரு தடவை புதுசு, அடுத்த தடவை பழசு. ஆபீஸ் பிராட்பேண்டின் ரிசால்வரைக் கேட்டால் எப்போதும் பழசு. வெளியிலிருந்து வரும் மெயில்களில் சில திரும்பிப் போகின்றன. திரும்பிய மெயிலில் 203.0.113.25 'ரிலே அக்சஸ் டினைடு' என்று மறுத்ததாக இருக்கிறது. அது வெப் சர்வர், அங்கே ஏன் மெயில் போகிறது என்றே புரியவில்லை.

+ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். இரண்டு திரை நிறைய ஏதேதோ கொட்டுகிறது, கடைசி வரி புது ஐ.பி. டோமினோ மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க எது முதலில், எது அடுத்து? ஒவ்வொரு பதிலிலும் எந்த வரியைப் படிக்க வேண்டும்?

---

பழைய_மோடம்:

டி.என்.எஸ். என்ன சொல்கிறது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. *இந்தச் சர்வர்* என்ன சொல்கிறது என்றுதான் கேட்க முடியும். @ போடாமல் டிக் அடிப்பது வழியில் போகிறவரை நிறுத்தி விலாசம் விசாரிப்பது போல. அவர் நேற்றுக் கேள்விப்பட்டதைச் சொல்வார். உங்களுக்கு +ஷார்ட் பழக்கம் வேறு இருக்கிறது. பழுது பார்க்கும் நேரத்தில் அதைத் தொடவே கூடாது, காரணம் கீழே வரும்.

முதலில் மேலே போய், .காம் ஸோனையே கேளுங்கள்:

    டிக் @ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட் எக்சாம்பிள்.காம் என்எஸ் +நோரெக்

ஏ முதல் எம் வரை 13 பெயர்கள் உண்டு, எதைக் கேட்டாலும் சரி. ஹெடரில் ஆன்சர்: 0, அத்தாரிட்டி: 2 என்று வரும். பயப்பட வேண்டாம், அதுதான் சரியான பதில். .காம் சர்வருக்கு உங்கள் டொமைன் சொந்தமில்லை, 'அங்கே போய்க் கேள்' என்று கை காட்டுகிறது. கை காட்டும் பெயர்கள் அத்தாரிட்டி பகுதியில் இருக்கும். +ஷார்ட் ஆன்சர் பகுதியை மட்டுமே அச்சிடும் என்பதால் இந்தக் கேள்விக்கு அதைப் போட்டால் வெறும் திரைதான். டெலிகேஷனே (அந்தக் கைகாட்டலே) போய்விட்டது என்று அலறி டிக்கெட் போட்டவர்கள் நிறைய.

அங்கே புதுசு.எக்சாம்பிள் இரண்டும் இருந்தால் ரிஜிஸ்ட்ரார் வேலை முடிந்தது. பக்கத்தில் 172800 என்று ஒரு எண் இருக்கும். .காம் தரும் என்எஸ் ரெக்கார்டின் டி.டி.எல்., அதாவது 48 மணி நேரம். அந்த எண் உங்கள் கையில் இல்லை.

அடுத்து புதிய சர்வர்களை, இரண்டையும் தனித்தனியாக, ஸோனின் தலைமை ரெக்கார்டான எஸ்ஓஏ கேளுங்கள்:

    டிக் @என்எஸ்1.புதுசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம் எஸ்ஓஏ +நோரெக்
    டிக் @என்எஸ்2.புதுசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம் எஸ்ஓஏ +நோரெக்

ஃப்ளாக்ஸ் வரியில் ஏஏ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சர்வர் சொந்த ஸோனிலிருந்து பேசுகிறது. ஏஏ இல்லாமல் ஆர்ஏ மட்டும் இருந்தால் அது எங்கேயோ கேட்டுச் சொல்கிற ரிசால்வர். எஸ்ஓஏ வரியில் இரண்டு பெயர்களுக்குப் பிறகு வரும் முதல் எண் சீரியல், அதாவது ஸோனின் பதிப்பு எண். இரண்டு சர்வரிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் ஒன்று இன்னும் ஸோனை இழுத்துக்கொள்ளவில்லை.

+நோரெக் எதற்கு என்றால், 'உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல், வெளியே போய்க் கேட்காதே' என்று கட்டுப்படுத்த. ரிசால்வர் வேலையும் சேர்த்துச் செய்கிற சர்வரிடம் இது இல்லாமல் கேட்டால் கேச்சிலிருப்பதையோ வெளியே போய்க் கேட்டு வந்ததையோ எடுத்து நீட்டும்.

மூன்றாவதுதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது. பழைய சர்வரைக் கேளுங்கள்:

    டிக் @என்எஸ்1.பழசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம் ஏ +நோரெக்
    டிக் @என்எஸ்1.பழசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம் என்எஸ் +நோரெக்

ஸ்டேட்டஸ் நோஎரர், ஏஏ இருக்கிறது, 198.51.100.10 வருகிறது என்றால் பழைய நிறுவனம் ஸோனை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அதனால் என்ன ஆகும்? ஒரு ரிசால்வர் நீங்கள் மாற்றுவதற்கு ஒரு நிமிடம் முன்பு .காமிடமிருந்து பழைய என்எஸ் பட்டியலை வாங்கியிருந்தால் 48 மணி நேரம் அதை வைத்திருக்கும். 47-ஆவது மணி நேரத்தில் யாரோ ஒருவர் உங்கள் தளத்தைக் கேட்கிறார். ரிசால்வர் பழைய சர்வரிடம் போகிறது. அது பழைய ஐ.பி.யைப் புத்தம் புதிய 86400 டி.டி.எல். உடன் கொடுக்கிறது. ஆக 47 + 24, கிட்டத்தட்ட 71 மணி நேரம் அந்த ரிசால்வரின் பயனர்களுக்குப் பழைய தளம்தான். இன்னும் மோசம், பழைய சர்வர் தன் பதிலோடு தன்னையே நேம் சர்வராகக் காட்டும் என்எஸ் பட்டியலையும் சேர்த்து அனுப்புகிறது. சில ரிசால்வர்கள் .காம் சொன்னதை விட அதற்கே அதிக மரியாதை கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளும். அவை 48 மணி நேரம் கழிந்தும் பழைய சர்வரையே சுற்றிவரும்.

'ப்ராபகேட் ஆக 48 மணி நேரம்' என்பது சப்போர்ட்காரர்களின் வாய்ப்பாடு. எதுவும் எங்கும் பரவுவதில்லை. கேச்கள் காலாவதியாகின்றன, அவ்வளவே. எது எப்போது காலாவதியாகும் என்பதை டிக்கே சொல்லும்.

செய்ய வேண்டியது: பழைய பேனல் இன்னும் திறந்தால் அங்கேயும் ஏ ரெக்கார்டை 203.0.113.25 ஆக்குங்கள், என்எஸ் ரெக்கார்டுகளைப் புதிய இரண்டாக மாற்றுங்கள், டி.டி.எல்.களை 300 ஆக்குங்கள். ஸோனை அழித்துவிடாதீர்கள். அழித்தால் பழைய சர்வர் ரெஃப்யூஸ்டு என்று பதில் தரும், இன்னும் அதையே நம்பியிருக்கும் ரிசால்வர்களில் சில சர்வ்ஃபெயில் (பதில் பெற முடியவில்லை) காட்டும். பழைய தளம் தெரிவதே மேல் என்ற நிலை வந்துவிடும்.

கடைசியாக ரிசால்வர்கள். ஒரே கேள்வியைப் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு தடவை:

    டிக் @8.8.8.8 எக்சாம்பிள்.காம் ஏ +நோஆல் +ஆன்சர்

டி.டி.எல். பத்து குறைந்தால் ஒரே கேச்சிடம் பேசுகிறீர்கள். 8.8.8.8 இல் அது முன்னும் பின்னும் துள்ளும். ஒரு முகவரிக்குப் பின்னால் பல கேச்கள் இருக்கின்றன, ஒவ்வொரு கேள்வியும் வேறொன்றில் விழலாம். ஒரு தடவை புதுசு ஒரு தடவை பழசு என்று நீங்கள் பார்ப்பது இதுதான். கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் தங்கள் பொது ரிசால்வர்களின் கேச்சை ஒரு பெயருக்கு மட்டும் காலி செய்ய வலைப்பக்கம் வைத்திருக்கின்றன. ஆனால் பழைய ஸோனைத் திருத்தாமல் காலி செய்து பயனில்லை.

---

தேன்மொழி_என்ஓசி:

பழைய_மோடம் அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் கூடல்நகர் சார் மெஷினில் டிக் புதுசு சொல்ல, குரோம் பழசு திறப்பதற்கு அது காரணமில்லை. அது வேறு கதை.

வகை சொல்லாமல் அடித்தால் டிக் ஏ ரெக்கார்டை மட்டும் கேட்கும். பிரவுசர் ஏஏஏஏ வையும் (ஐ.பி.வி6 முகவரி) கேட்கும், ஐ.பி.வி6 இணைப்பு இருந்தால் அதற்கே முதல் வாய்ப்பு கொடுக்கும். இதை அடியுங்கள்:

    டிக் @என்எஸ்1.புதுசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம் ஏஏஏஏ +நோரெக்

ஸோனை அப்படியே இறக்குமதி செய்திருந்தால் பழைய சர்வரின் ஐ.பி.வி6 முகவரி புது ஸோனிலும் வந்து உட்கார்ந்திருக்கும். ஏ யை மாற்றியவர் ஏஏஏஏ வை மறப்பது ரொம்ப சகஜம். டபிள்யூடபிள்யூடபிள்யூ பெயருக்கும் தனியாகக் கேளுங்கள், அது சி-நேம் ரெக்கார்டா (வேறொரு பெயரைக் கைகாட்டுவது), தனி ஏ வா என்பதும் தெரிந்துவிடும்.

அங்கே ஒன்றும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம், டிக்கும் பிரவுசரும் ஒரே வழியில் போகவில்லை என்பது. டிக் நேரே ரிசால்வ்.கான்ஃப் படித்து அதிலுள்ள சர்வரிடம் போய்விடும். ஹோஸ்ட்ஸ் ஃபைலை (மெஷினிலேயே பெயருக்கு ஐ.பி. எழுதிவைப்பது) பார்க்காது, எங்கே முதலில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் வரிசையையும் மதிக்காது. மெஷினில் ஓடும் புரோகிராம்களின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க

    கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் எக்சாம்பிள்.காம்

அடிக்க வேண்டும். மாற்றத்துக்கு முன் சோதித்துப் பார்க்க ஹோஸ்ட்ஸ் ஃபைலில் யாராவது வரி சேர்த்திருந்தால் இங்கே மாட்டும். குரோமில் செக்யூர் டி.என்.எஸ். இயங்கினால் அது ஹெச்டிடிபிஎஸ் வழியாக வேறொரு ரிசால்வரிடம் போயிருக்கும். பைண்ட் (டிக் இதோடு வரும் டி.என்.எஸ். மென்பொருள்) 9.18 முதல் டிக்கிலும் +ஹெச்டிடிபிஎஸ் உண்டு, அதே ரிசால்வரிடம் அதே வழியில் கேட்டு ஒப்பிடலாம்.

உபுண்டுவில் டிக் பதிலின் அடியில் சர்வர்: 127.0.0.53 என்று இருந்தால் நீங்கள் பேசுவது சிஸ்டம்டி-ரிசால்வ்டிடம். அதற்கும் தனி கேச் உண்டு. ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ் அதைக் காலி செய்யும், அதற்கு மேலே இருக்கும் ரவுட்டர் கேச்சைச் செய்யாது.

+ட்ரேஸ் பற்றி இரண்டு வார்த்தை. கொட்டுவதில் பாதி டிஎன்எஸ்செக் (பதில் போலியல்ல என்று சரிபார்க்கும் முறை) கையெழுத்துகள், +ட்ரேஸ் தானாகவே +டிஎன்எஸ்செக் சேர்த்துக்கொள்வதால். +ட்ரேஸ் +நோடிஎன்எஸ்செக் என்று போட்டால் திரை படிக்கிற மாதிரி ஆகும். அது ரூட்டிலிருந்து தானே இறங்கி வருவதால் எந்த ரிசால்வரின் கேச்சும் அதில் தெரியாது. ஆகவே 'ட்ரேஸில் சரியாக வருகிறது' என்பதை வைத்து வாடிக்கையாளருக்கும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஒவ்வொரு படியிலும் அது ஒரு சர்வரின் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கும். என்எஸ்2 கெட்டுப்போயிருந்து என்எஸ்1 பதில் தந்தால் எல்லாம் நலம் என்றே காட்டும். அதனால்தான் அண்ணா இரண்டையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னார்.

ஆபீஸ் லைனில் சோதிக்கும்போது இதையும் ஒரு தடவை:

    டிக் @192.0.2.1 எக்சாம்பிள்.காம் +டைம்=2 +ட்ரைஸ்=1

192.0.2.1 ஆவண உதாரணங்களுக்காக ஒதுக்கிய முகவரி. உலகத்தில் யாரும் அதில் பதில் சொல்லக் கூடாது, டைம்அவுட்தான் ஆக வேண்டும். பதில் வந்தால் நடுவில் யாரோ 53-ஆம் போர்ட்டை மடக்கித் தங்கள் ரிசால்வருக்குத் திருப்புகிறார்கள் என்று பொருள். அந்த லைனில் @8.8.8.8 என்று போட்டாலும் 8.8.8.8 இடம் கேள்வி போய்ச் சேர்வதே இல்லை. +ட்ரேஸும் அங்கே நம்பத் தகுந்ததல்ல.

---

கூடல்நகர்_அட்மின்:

இருவருக்கும் நன்றி. வந்த பதில்கள்:

.காம் சர்வர் புதிய இரண்டையும் காட்டுகிறது. புதிய சர்வர்கள் இரண்டிலும் ஏஏ இருக்கிறது, சீரியலும் ஒன்றே. பழைய சர்வர் ஏஏ உடன் 198.51.100.10 தருகிறது, என்எஸ் கேட்டால் தன் பெயர்களையே சொல்கிறது, டி.டி.எல். 86400. 192.0.2.1 டைம்அவுட் ஆனது, மடக்கல் இல்லை.

ஏஏஏஏ விஷயத்தில் தேன்மொழி மேடம் சொன்னது அப்படியே. இறக்குமதியில் வந்த பழைய முகவரி. நீக்கிவிட்டேன். பழைய பேனல் இன்னும் திறக்கிறது, ஏ, என்எஸ் இரண்டையும் மாற்றி டி.டி.எல். 300 ஆக்கிவிட்டேன்.

மெயில் மட்டும் புரியவில்லை. புது பேனலில் எம்எக்ஸ் (மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற ரெக்கார்டு) இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால்

    டிக் @என்எஸ்1.புதுசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம் எம்எக்ஸ் +நோரெக்

ஸ்டேட்டஸ் நோஎரர், ஆன்சர்: 0, அத்தாரிட்டி: 1. எரர் இல்லை என்கிறது, பதிலும் இல்லை.

---

அஞ்சல்பெட்டி:

நோஎரரும் ஆன்சர் 0 வும் சேர்ந்து வந்தால், 'இந்தப் பெயர் இருக்கிறது, நீ கேட்ட வகை ரெக்கார்டு இதற்கு இல்லை' என்று பொருள். என்எக்ஸ்டொமைன் என்றால் பெயரே இல்லை. இரண்டும் வேறு. +ஷார்ட் போட்டிருந்தால் இரண்டுக்கும் ஒரே வெற்றுத் திரை, சர்வ்ஃபெயிலுக்கும் அதே வெற்றுத் திரை. ஹெடரைப் படிக்காமல் மெயில் பிரச்சினை பார்க்க முடியாது.

பேனலில் எம்எக்ஸ் சேர்க்கும்போது ஹோஸ்ட் என்ற கட்டத்தில் முழுப் பெயரை அடித்திருப்பீர்கள். பல பேனல்கள் அதன் பின்னால் டொமைனைத் தாமே ஒட்டும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

    டிக் @என்எஸ்1.புதுசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம்.எக்சாம்பிள்.காம் எம்எக்ஸ் +நோரெக்

பதில் வந்தால் திருடன் பிடிபட்டான். கட்டத்தில் @ என்று மட்டும் போட வேண்டும், அல்லது காலியாக விட வேண்டும், பேனலைப் பொறுத்து. ஸோன் ஃபைலைக் கையால் எழுதுகிறவர்கள் இறுதிப் புள்ளியை விட்டாலும் இதே விளைவுதான். எம்எக்ஸின் வலப்பக்கப் பெயரிலும் புள்ளி விட்டுப்போனால் மெயில்.எக்சாம்பிள்.காம்.எக்சாம்பிள்.காம் என்று போய் நிற்கும். டிக் வெளியீட்டில் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் புள்ளி காட்டுவது அலங்காரத்துக்கு அல்ல, அங்கே பெயர் முடிந்தது என்பதற்கான அடையாளம்.

மெயில் ஏன் வெப் சர்வருக்குப் போனது? எம்எக்ஸ் இல்லாத டொமைனுக்கு அனுப்பும்போது அனுப்பும் சர்வர் ஏ ரெக்கார்டையே மெயில் சர்வராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) விதி. உங்கள் ஏ 203.0.113.25. அங்கே 25-ஆம் போர்ட்டில் ஏதோ மெயில் புரோகிராம் ஓடுகிறது, உங்கள் டொமைன் அதற்குத் தெரியாது, ரிலே மறுப்பு. சில மெயில் மட்டும் திரும்பியதற்குக் காரணம், மற்றவர்களின் ரிசால்வர்கள் இன்னும் பழைய ஸோனிலிருந்த சரியான எம்எக்ஸைப் பிடித்து வைத்திருந்தது. அதாவது பழைய கேச் இதுவரை உங்களைக் காப்பாற்றி வந்தது. நாள் ஆக ஆக எல்லா மெயிலும் திரும்ப ஆரம்பித்திருக்கும்.

திருத்தியவுடன் எல்லாருக்கும் சரியாகாது. 'இல்லை' என்ற பதிலையும் ரிசால்வர்கள் கேச் செய்யும். எவ்வளவு நேரம் என்பது அந்த அத்தாரிட்டி: 1 இல் இருக்கிறது. அது எஸ்ஓஏ. அதன் கடைசி எண், எஸ்ஓஏவின் சொந்த டி.டி.எல். இரண்டில் எது சிறியதோ அதுதான் ஆயுள். 1998 இல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ற இணையத் தர ஆவணம் இப்படி வரையறுத்தது. அதற்கு முன் அந்தக் கடைசி எண்ணுக்கு வேறு பொருள் இருந்ததால் பழைய புத்தகங்களில் அதற்கு 86400 என்று போடச் சொல்லியிருப்பார்கள். போட்டால் ஒரு எழுத்துப்பிழைக்கு ஒரு நாள் தண்டனை. 3600 போதும். பைண்ட், அதன் அமைப்பை மாற்றாதவரை, இதை 10800 விநாடிக்கு மேல் போக விடாது, எல்லா ரிசால்வரும் அவ்வளவு நல்லவை அல்ல.

மெயிலைத் தொட்டுவிட்டதால் இன்னும் ஒன்று:

    டிக் @என்எஸ்1.புதுசு.எக்சாம்பிள் எக்சாம்பிள்.காம் டிஎக்ஸ்டி +நோரெக்

எஸ்பிஎஃப் வரி (உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்பது) ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இறக்குமதியில் ஒன்று, புது நிறுவனம் தானாகச் சேர்த்தது ஒன்று என்று இரண்டு தனி வரிகள் வந்தால் பெறும் சர்வர் இரண்டையும் ஒதுக்கி நிரந்தரப் பிழை என்று முடிவு செய்யும். ஒரே வரிக்குள் மேற்கோள் குறிகள் இரண்டு மூன்று துண்டாக இருப்பது வேறு, அது தவறில்லை. ஒரு துண்டு 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால் நீளமானவை அப்படி உடைபடும், படிப்பவர் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வார். துண்டின் முடிவில் இருக்க வேண்டிய இடைவெளி விட்டுப்போனால் இரண்டு சொற்கள் ஒட்டிப் பொருளிழக்கும். அதை மட்டும் பாருங்கள்.

வெப்சைட்டின் கான்டாக்ட் படிவம் 203.0.113.25 இலிருந்து மெயில் அனுப்பினால் அந்த ஐ.பி. எஸ்பிஎஃப்பில் வேண்டும், டிக் -எக்ஸ் 203.0.113.25 ஒரு பெயரையும் தர வேண்டும். ஐ.பி.க்குப் பெயர் சொல்லும் அந்தப் பிடிஆர் ரெக்கார்டு உங்கள் டொமைன் பேனலில் இருக்காது, ஐ.பி. யாருடையதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

---

வடமராட்சி:

இடையில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். தமிழ் டொமைன்களைச் சோதிக்க

    டிக் இலங்கை. என்எஸ்

என்று அடித்தால் ஒழுங்காக வருது. அதையே க்ரெப்புக்குப் பைப் செய்தால் என்எக்ஸ்டொமைன். பெயர் இருந்த இடத்தில் \224\174\135 என்று எண்கள். டெர்மினல் எழுத்துருப் பிரச்சினையோ?

---

பழைய_மோடம்:

எழுத்துரு இல்லை. வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது மட்டும்தான் டிக் தமிழ்ப் பெயரைப் ப்யூனிகோடாக (டி.என்.எஸ். ஏற்கும் ஆங்கில எழுத்து வடிவம்) மாற்றும். பைப், ஃபைல் எதற்குப் போனாலும் மாற்றத்தைத் தானே நிறுத்திவிடும். அப்போது 'இ' யின் யு.டி.எஃப்-8 பைட்கள் மூன்றும், 224, 174, 135, அப்படியே கேள்வியில் போகின்றன. அப்படி ஒரு டாப் லெவல் டொமைன் ரூட்டில் இல்லை, ஆகவே என்எக்ஸ்டொமைன். +ஐடிஎன்இன் சேர்த்தால் பைப்பிலும் மாற்றும். ஐடிஎன் (பிறமொழி டொமைன்) லைப்ரரி சேர்க்காமல் கட்டிய டிக் என்றால் அதுவும் உதவாது, லொக்கேல் யு.டி.எஃப்-8 ஆக இல்லாவிட்டாலும் தகராறு. க்ரான் ஜாபுக்குள் ஓடும் ஸ்கிரிப்டில் நேரே ப்யூனிகோடு வடிவத்தையே எழுதிவிடுவது நிம்மதி.

ஸ்கிரிப்ட் என்றதும் இன்னொன்று. என்எக்ஸ்டொமைன் வந்தாலும் டிக்கின் எக்ஸிட் கோடு 0 தான். சர்வர் பதிலே தராவிட்டால்தான் 9. 'டிக் வெற்றி, ஆகவே பெயர் இருக்கிறது' என்று எழுதிய மானிட்டரிங் ஸ்கிரிப்ட் எதையும் பிடிக்காது. ஸ்டேட்டஸ் வரியைப் படிக்கச் செய்யுங்கள். +ஷார்ட் வெளியீட்டை மாறியில் வாங்கினால் அரைப்புள்ளியில் தொடங்கும் டைம்அவுட் வரியும் ஐ.பி. மாதிரி உள்ளே வந்து விழும், அதையும் வடிகட்டுங்கள்.

---

தேன்மொழி_என்ஓசி:

கூடல்நகர் சாருக்கு இது நேரவில்லை, ஆனால் இந்த இழையைப் பார்த்து நாளை நேம் சர்வர் மாற்றப்போகிறவருக்கு நேரலாம். மாற்றுவதற்கு *முன்* இதை அடியுங்கள்:

    டிக் @ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட் எக்சாம்பிள்.காம் டிஎஸ் +நோரெக்

ஆன்சரில் ஏதாவது வந்தால் டொமைனில் டிஎன்எஸ்செக் இயங்குகிறது. புது நிறுவனம் ஸோனில் கையெழுத்திடாமல் நீங்கள் என்எஸ்ஸை மட்டும் மாற்றினால், மேலே 'கையெழுத்து இருக்கும்' என்று டிஎஸ் சாட்சி சொல்ல, கீழே கையெழுத்து இல்லாத ஸோன். 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 மூன்றும் சரிபார்க்கிற ரிசால்வர்கள், மூன்றும் சர்வ்ஃபெயில் தரும். சரிபார்க்காத ரிசால்வரில் தளம் ஜோராக ஓடும். அந்த முரண்தான் குழப்பும். ஊர்ஜிதம் செய்ய, சர்வ்ஃபெயில் வந்த அதே கட்டளையில் +சிடி சேர்த்து மறுபடி கேளுங்கள். சரிபார்க்காமல் கொடு என்று பொருள். இப்போது பதில் வந்தால் குற்றவாளி டிஎன்எஸ்செக்தான். புதிய டிக்கில் ஈடிஈ என்ற வரி காரணத்தையும் சொல்லும்.

.காமில் டிஎஸ்ஸின் டி.டி.எல். 86400. ஆகவே ரிஜிஸ்ட்ராரில் டிஎஸ்ஸை நீக்கி, ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகுதான் என்எஸ். இதே கணக்குதான் ஏ ரெக்கார்டுக்கும். டி.டி.எல்.லை 300 ஆக்குவது மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பு செய்ய வேண்டியது. மாற்றிய பிறகு 300 ஆக்கினால் ஏற்கனவே 86400 என்று வாங்கிப் போனவர்களிடம் அது செல்லாது.

---

கூடல்நகர்_அட்மின்:

அஞ்சல்பெட்டி அண்ணா சொன்ன இரட்டைப் பெயரில் எம்எக்ஸ் கிடைத்தது. ஹோஸ்ட் கட்டத்தில் @ போட்டேன். இரண்டு சர்வரும் இப்போது எம்எக்ஸை ஏஏ உடன் தருகின்றன. எஸ்ஓஏ கடைசி எண் 3600. எஸ்பிஎஃப் இரண்டு வரி இருந்தது, ஒன்றாக்கிவிட்டேன். குரோம் புதுத் தளத்தைத் திறக்கிறது. பழைய சர்வரும் இப்போது 203.0.113.25 சொல்கிறது.

ஆபீஸ் பிராட்பேண்ட் ரிசால்வர் மட்டும் இன்னும் இப்படி:

    எக்சாம்பிள்.காம்.  41210  ஐஎன்  ஏ  198.51.100.10

---

பழைய_மோடம்:

ஒரு நிமிடம் விட்டு மறுபடி கேளுங்கள். 41150 பக்கம் இறங்கியிருந்தால் இன்னும் 11 மணி 26 நிமிடம். பழைய ஸோனைத் திருத்திவிட்டதால் அதற்கு மேல் 86400 புதுப்பித்துக் கொடுக்க ஆளில்லை. 0 ஆன பிறகும் பழைய ஐ.பி.யே 30 விநாடி டி.டி.எல். உடன் வந்துகொண்டிருந்தால் மட்டும் இங்கே எழுதுங்கள். அது காலாவதியானதை எடுத்துக் கொடுக்கிற ரிசால்வராக இருக்கலாம், உங்கள் நேம் சர்வரை அதனால் எட்ட முடியவில்லை என்று பொருள். அப்போது ஃபயர்வாலைப் பார்க்க வேண்டியிருக்கும்.